மூணு பேருக்கு ஒரே டேப்லட்டா? ஐபேடா, ஆண்ட்ராய்டா, விண்டோஸா?

கேள்வி: சார், வணக்கம். வீட்டுக்கு ஒரு டேப்லட் வாங்கணும்னு ரொம்ப நாளா பாத்துட்டு இருக்கோம், இன்னும் முடிவுக்கு வர முடியல. பொண்ணு இந்த வருஷம் டிசைன் படிப்புல சேர்றா, படம் வரையணும், பிடிஎஃப்ல நோட்ஸ் எழுதணும், அவ பாக்குற வீடியோல எல்லாரும் ப்ரோக்ரியேட்ங்கற ஆப்ல தான் வரையுறாங்களாம். நான் வீட்டுல இருந்தே கணக்கு வேலை பாக்குறேன், எக்ஸெல் ஷீட் நிறைய, சிலதுல மேக்ரோ, அதாவது பட்டனை அழுத்தினா தானா வேலை முடிக்குற சின்ன ப்ரோக்ராம் இருக்கு. இப்போ ஒரு பழைய லேப்டாப்ல தான் ஓட்டிட்டு இருக்கேன். மாமனாருக்கு 72 வயசு, வீடியோ கால், படம், நியூஸ் இவ்வளவு தான் அவருக்கு. எங்க எல்லார்கிட்டயும் ஆண்ட்ராய்டு போன் தான். ஆப் ஐபேட்ல தான் அதிகம்னு தம்பி சொல்றான், ப்ளே ஸ்டோர்ல தான் அதிகம்னு வீட்டுக்காரர் சொல்றார், விண்டோஸ் வாங்கினா எல்லாமே ஆகும்னு கூட வேலை பாக்குறவங்க சொல்றாங்க, நடுவுல பாதி விலைக்கு அமேசானோட ஃபயர் டேப்லட் வேற கண்ணுல படுது. முன்னாடி சீப்பா வாங்கின ஒரு டேப்லட் ஹேங் ஆகி ட்ராயர்ல கிடக்கு, அதனால தான் இந்த தயக்கம். எதை வாங்கட்டும்?

பதில்: வணக்கம் சகோதரி. ஆபீசுக்கும் காலேஜுக்கும் டேப்லட் தேர்ந்தெடுத்து செட்டப் பண்ணிக் குடுக்குறது தான் என் வேலை. யார் யாருக்கு, எந்த எந்த வேலைக்குன்னு நீங்க தெளிவா எழுதினது பெரிய உதவி, ஏன்னா முக்கால்வாசி பேர் "எது பெஸ்ட்"னு மட்டும் கேட்டுட்டு விட்டுருவாங்க, அதுக்கு யாராலயும் நேர்மையா பதில் சொல்ல முடியாது.

முதல்ல அந்த "எதுல ஆப் அதிகம்"ங்கற சண்டையை முடிச்சு வைப்போம். ரெண்டு ஸ்டோர்லயும் லட்சக்கணக்குல ஆப் இருக்கு, அந்த எண்ணிக்கையால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, உங்க வீட்டுக்கு வேணுங்கறது மிஞ்சிப்போனா பதினஞ்சு ஆப். அந்த பதினஞ்சோட பேரை ஒரு பேப்பர்ல எழுதி, ஒவ்வொண்ணும் அந்த பிளாட்ஃபார்ம்ல இருக்கா, இருந்தா டேப்லட் ஸ்க்ரீனுக்குன்னு செஞ்சதா இல்ல போன் ஆப்பை இழுத்து பெருசாக்கினதான்னு பாருங்க. இது வாங்குறதுக்கு முன்னாடியே பாக்க முடியும். ப்ரவுசர்ல ப்ளே ஸ்டோரைத் திறந்து ஒரு ஆப்போட பக்கத்துக்கு போனா, டேப்லட்டுக்குன்னு தனியா ஸ்க்ரீன்ஷாட் குடுத்திருக்காங்களான்னு தெரியும். ஐபேடுக்கு ஆப் ஸ்டோர் பக்கத்தை ப்ரவுசர்ல திறந்து ஐபேட் படம் இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா அது ஐபோனுக்கு மட்டும் செஞ்சதுன்னு எடுத்துக்கலாம்.

பேர் பேரா பாக்கணும்னு ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, பெரிய பிளாட்ஃபார்ம்னா எல்லாமே இருக்கும்னு நாம நம்பிடுறோம். ஐபேட் வந்தது 2010ல. அதுல ஒரு கால்குலேட்டர் வர 2024 ஆச்சு, வாட்ஸ்அப் ஐபேடுக்குன்னு தனியா வந்தது 2025 மே மாசம், இன்ஸ்டாகிராம் அதுக்கும் அப்புறம் செப்டம்பர்ல. அதே சமயம் டேப்லட் ஸ்க்ரீனுக்குன்னு இழைச்சு செஞ்ச ஆப், அதாவது வரையுறது, மியூசிக், வீடியோ எடிட்டிங், கையெழுத்துல நோட்ஸ், இதுல ஐபேட் தான் இன்னைக்கும் முன்னாடி நிக்குது. ஆண்ட்ராய்டுல பெரிய ஸ்க்ரீனுக்குன்னு கூகுள் மறுபடி மெனக்கெட ஆரம்பிச்சது 2022ல வந்த 12எல் வெர்ஷன்ல இருந்து தான், அதனால கூகுளோட சொந்த ஆப், பெரிய கம்பெனி ஆப் எல்லாம் நல்லா விரிஞ்சு உக்காரும், ஆனா சின்ன கம்பெனி ஆப் பலது இன்னும் நடுவுல போன் மாதிரி நின்னு ரெண்டு பக்கமும் கருப்பா விட்டிருக்கும்.

ஆப் இல்லாம நல்ல மெஷினே செத்துப்போனதும் நடந்திருக்கு. 2011ல ஹெச்பி டச்பேட்னு ஒண்ணு வந்துச்சு, வெப்ஓஎஸ்ல ஓடுச்சு, அந்த சிஸ்டத்தை இன்னைக்கும் நல்லதுன்னு சொல்றவங்க இருக்காங்க, ஆனா வந்து ரெண்டு மாசம் கூட ஆகல, கம்பெனியே நிறுத்திட்டு மிச்ச ஸ்டாக்கை 99 டாலருக்கு தள்ளி விட்டுச்சு. அடுத்த வருஷம் வந்த சர்ஃபேஸ் ஆர்டி பாக்க விண்டோஸ் மாதிரியே இருக்கும், ஆனா பழைய விண்டோஸ் சாஃப்ட்வேர் எதையும் அதுல போட முடியாது, 2013ல மைக்ரோசாஃப்ட் அதுக்காக 90 கோடி டாலர் நஷ்டக்கணக்கு எழுதுச்சு. ரெண்டுலயும் ஸ்க்ரீன், பாடி எல்லாம் நல்லா தான் இருந்துச்சு. வாங்கினவங்க தேடின ஆப் தான் இல்ல.

சரி, இப்போ உங்க வீட்டு ஆளுங்க ஒவ்வொருத்தரா எடுத்துக்குவோம்.

முதல்ல உங்க எக்ஸெல். இதை நேரடியா சொல்லிடுறேன், மேக்ரோ ஐபேட் எக்ஸெல்லயும் ஓடாது, ஆண்ட்ராய்டு எக்ஸெல்லயும் ஓடாது. ஃபைல் திறக்கும், நம்பர் எல்லாம் தெரியும், ஆனா அந்த மேக்ரோ பட்டனை அழுத்தினா வேலை செய்யாது. இது விலை கூடின மாடல் வாங்கினா சரியாகுற விஷயம் இல்ல. இன்னொண்ணு, 10.1 இன்ச்சுக்கு மேல ஸ்க்ரீன் இருந்தா ஆஃபீஸ் ஆப்ல ஃபைலை திருத்தவே மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கேக்கும், சும்மா பாக்கறதுக்கு மட்டும் தான் காசு இல்ல. இப்போ வர்ற டேப்லட்ல நிறைய 11 இன்ச், அதனால இதையும் கணக்குல சேத்துக்கோங்க.

அப்போ விண்டோஸ் டேப்லட் வாங்கினா தீந்துச்சேன்னு தோணும். சர்ஃபேஸ் ப்ரோ மாதிரி ஒண்ணுல முழு எக்ஸெல் மேக்ரோவோட ஓடும், உங்க கூட வேலை பாக்குறவங்க சொன்னது அந்த அளவுல சரி தான். ஆனா அது டேப்லட் மாதிரி மடங்கிக் குடுக்குற ஒரு லேப்டாப். 13 இன்ச் மாடல் கீபோர்டு இல்லாமலே கிட்டத்தட்ட 900 கிராம், சாதா ஐபேட் 480 கிராம் பக்கம் தான், பெரியவர் படுத்துக்கிட்டு கையில பிடிச்சு ஒரு படம் பாக்க முடியாது. கீபோர்டுக்கும் பேனாவுக்கும் தனித்தனியா காசு. விரலால தொட்டு வேலை பாக்குறதுக்குன்னு செஞ்ச ஆப் விண்டோஸ் ஸ்டோர்ல ரொம்ப கம்மி, முன்னாடி ஆண்ட்ராய்டு ஆப்பை விண்டோஸ்ல ஓட்ட ஒரு வழி வச்சிருந்தாங்க, அதையும் 2025 மார்ச்ல மூடிட்டாங்க. உங்க பழைய லேப்டாப் இன்னும் ஓடுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, கணக்கு வேலை அதுலயே இருக்கட்டும், அதை டேப்லட் லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. அது தனியா ஒரு லேப்டாப் பிரச்சனை, என்னைக்கு அது ஓயுதோ அன்னைக்கு ஒரு லேப்டாப்பாவே வாங்குங்க.

அடுத்து பொண்ணு. இங்க தான் நிஜமான முடிவு இருக்கு.

ப்ரோக்ரியேட் ஐபேட்ல மட்டும் தான். ஐபோனுக்கு ஒரு சின்ன வெர்ஷன் இருக்கு, அவ்வளவு தான், ஆண்ட்ராய்டுலயும் இல்ல, விண்டோஸ்லயும் இல்ல. ஒரு தடவை 12.99 டாலர் குடுத்தா போதும், மாசா மாசம் சந்தா கிடையாது. ஆண்ட்ராய்டு பக்கம் ஆப்பே இல்லன்னு நினைக்காதீங்க. க்ளிப் ஸ்டுடியோ பெயிண்ட் மூணு பிளாட்ஃபார்ம்லயும் இருக்கு, ஆனா டேப்லட்ல அதுக்கு சந்தா கட்டணும். க்ரிட்டா ஆண்ட்ராய்டு டேப்லட்ல ஃப்ரீ, ஐபேட்ல அது இல்ல. ஐபிஸ் பெயிண்ட் ரெண்டுலயும் இருக்கு. இதுல எதுல வேணாலும் நல்லா வரைய முடியும், வரையுற கை ஒண்ணு தான். ஆனா புதுசா கத்துக்குற பிள்ளைக்கு பாக்குற வீடியோவும் கையில இருக்குற ஆப்பும் ஒண்ணா இருந்தா பாதி சிரமம் குறையும், அவங்க சொல்ற மெனு இவ ஸ்க்ரீன்லயும் அதே இடத்துல இருக்கும். அதனால அவகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ப்ரோக்ரியேட் தான் வேணுமா, இல்ல வரைய ஒரு நல்ல ஆப் இருந்தா போதுமா? காலேஜ்ல எந்த சாஃப்ட்வேர்ல சொல்லித்தருவாங்கன்னும் விசாரிக்க சொல்லுங்க, சில படிப்புல பெரிய வேலை எல்லாம் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்ல தான் நடக்கும், டேப்லட் ஸ்கெட்சுக்கும் நோட்ஸுக்கும் மட்டும் தான்னு ஆகிடும்.

ப்ரோக்ரியேட் தான்னு சொல்லிட்டான்னா, பேனா விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க, இங்க தான் நிறைய பேர் காசை விடுறாங்க. ஆப்பிள் பென்சில்ல மட்டும் நாலு வகை வந்திருக்கு, எல்லாம் எல்லா ஐபேட்லயும் வேலை செய்யாது. 2025ல வந்த சாதா ஐபேட், ஏ16 சிப் போட்டது, அதுக்கு ரெண்டு பென்சில் தான் பொருந்தும், ஒண்ணு 2015ல வந்த முதல் தலைமுறை பென்சில், இன்னொண்ணு யுஎஸ்பி-சி பென்சில். யுஎஸ்பி-சி விலை கம்மி, புதுசாவும் இருக்கும், கடைக்காரர் அதைத்தான் எடுத்து நீட்டுவார், ஆனா அதுல அழுத்தத்தை உணர்ற வசதி இல்ல. அப்படின்னா என்னன்னா, மெல்லிசா தொட்டாலும் அழுத்தி இழுத்தாலும் கோடு ஒரே தடிமன்ல தான் விழும். நோட்ஸ் எழுத, பிடிஎஃப்ல அடிக்கோடு போட அது தாராளமா போதும், ஷேடிங் பண்ணி வரையுற பிள்ளைக்கு அதை வாங்கிக் குடுத்தா ஒரே வாரத்துல வெறுத்துப் போயிடும். பழைய முதல் தலைமுறை பென்சில்ல அழுத்தம் உண்டு, ஆனா அதை இந்த ஐபேடோட சேக்க ஒரு சின்ன அடாப்டர் வேணும், 2022 கடைசிக்கு அப்புறம் வந்த பென்சில் பெட்டியில அது கூடவே இருக்கும், பழைய ஸ்டாக்கோ செகண்ட் ஹேண்டோ வாங்கினா இருக்காது. ஐபேட் ஏர் எடுத்தா பென்சில் ப்ரோ போடலாம், அது எல்லாத்துலயும் மேல, ஆனா விலையும் அதே மாதிரி ஏறிடும்.

விலையை எப்பவும் பேனாவோட சேத்து தான் பாக்கணும்னு சொல்றது இதுக்குத்தான். ஆப்பிள் அமெரிக்காவுல வச்ச அறிமுக விலைப்படி அந்த சாதா ஐபேட் 349 டாலர், முதல் தலைமுறை பென்சில் 99 டாலர், அதாவது டேப்லட் விலையில கால் பங்குக்கும் மேல பேனாவுக்கே போகுது. அது மேல கவர். சாம்சங்ல டேப் எஸ் வரிசையில பேனா பெட்டிக்குள்ளயே வருது, அழுத்தத்தை உணரும், எழுதுறதுக்கு அதுக்கு சார்ஜே வேண்டாம். மெமரி கார்டு போட இடம் உள்ள மாடலும் அந்த பக்கம் நிறைய, ஐபேட்ல அது எதுலயுமே கிடையாது, முதல்ல எடுத்த ஸ்டோரேஜ் தான் கடைசி வரைக்கும். ஸ்டிக்கர்ல ஆண்ட்ராய்டு டேப்லட் விலை கூடத் தெரிஞ்சாலும் பில்லு போடும்போது ரெண்டும் பக்கத்துல வந்து நிக்கும், சில நேரம் ஆண்ட்ராய்டே கம்மியா வரும். கூட்டிப் பாக்காம எந்த கடையிலயும் முடிவு பண்ணாதீங்க.

எத்தனை வருஷம் அப்டேட் வரும்ங்கறதும் விலையோட சேர்ந்தது தான். 2019ல வந்த ஏழாம் தலைமுறை ஐபேட் 2024ல வந்த ஐபேட்ஓஎஸ் 18 வரைக்கும் ஓடுச்சு, அடுத்த வெர்ஷன்ல தான் விட்டாங்க. சாம்சங் டேப் எஸ்10 வரிசைக்கு 7 வருஷம்னு வாக்கு குடுத்திருக்காங்க. விலை குறைஞ்ச ஆண்ட்ராய்டு டேப்லட்ல ஒண்ணு ரெண்டு அப்டேட்டோட நின்னுடும், சிலதுல அதுவும் வராது. உங்க ட்ராயர்ல கிடக்குற டேப்லட் ஹேங் ஆனதுக்கு பெரும்பாலும் ரேம் கம்மியும், இஎம்எம்சிங்கற வேகம் குறைஞ்ச ஸ்டோரேஜும் தான் காரணமா இருக்கும், ஆப் எல்லாம் வருஷா வருஷம் கனமாகிட்டே போகும், மெஷின் அதே இடத்துல நிக்கும். அதனால ஆண்ட்ராய்டு எடுத்தா 6 ஜிபி ரேமுக்கு கீழ போகாதீங்க, ஸ்டோரேஜ் அதை விட வேகமான யுஎஃப்எஸ் வகையான்னு கேளுங்க.

இப்போ பெரியவர். அவருக்கு வேணுங்கறது எல்லா பிளாட்ஃபார்ம்லயும் இருக்கு, எழுத்தை பெருசாக்குறதும் எல்லாத்துலயும் முடியும், அதனால அவருக்காக விலை கூடினதை எடுக்க அவசியமே இல்ல. ஆனா ஒரு விஷயம் பாக்கணும், பெட்டியில எழுதியே இருக்காது. வைட்வைன்னு ஒரு பாதுகாப்பு முறை இருக்கு, நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி ஆப் எல்லாம் அதை வச்சு தான் எந்த தரத்துல படம் காட்டலாம்னு முடிவு பண்ணும். டேப்லட்ல எல்1 இருந்தா தான் ஹெச்டி வரும், எல்3 மட்டும் தான்னா 480பி அளவோட நின்னுடும், ஸ்க்ரீன் எவ்வளவு நல்ல ஸ்க்ரீனா இருந்தாலும் படம் மங்கலா தான் தெரியும். விலை குறைஞ்ச சில டேப்லட்ல எல்3 தான் இருக்கும். நெட்ஃப்ளிக்ஸ் ஆப்போட செட்டிங்ஸ்ல ப்ளேபேக் விவரம்னு ஒரு இடம் இருக்கு, அதுல எல்1ஆ எல்3ஆன்னு போட்டிருக்கும், டெமோ பீஸ் இருந்தா அங்கேயே பாத்துடுங்க, ஐபேட்ல இந்த கவலையே இல்ல.

ஃபயர் டேப்லட் பத்தி. விலை நிஜமாவே கம்மி, 2011ல முதல் ஃபயர் வந்தப்போ ஐபேட் 499 டாலர், இது 199, அன்னைல இருந்து அதோட பலமே விலை தான். உள்ள ஓடுறது ஆண்ட்ராய்டு தான், ஆனா கூகுள் ப்ளே ஸ்டோர் இல்ல, அமேசானோட சொந்த ஸ்டோர் மட்டும். ஜிமெயில், மேப்ஸ், ட்ரைவ் எதுவும் அதுல கிடையாது, யூடியூபும் ப்ரவுசர் வழியா தான். வெளிய இருந்து ப்ளே ஸ்டோரை ஏத்தலாம்னு வழி சொல்லுவாங்க, சில நாள் ஓடும், ஒரு அப்டேட்ல நின்னு போகும், அப்போ பெரியவர் உங்களைத்தான் கூப்பிடுவார். விலை குறைஞ்ச வெர்ஷன்ல லாக் ஸ்க்ரீன்ல விளம்பரம் வேற வரும், அதை எடுக்க தனி காசு. வீட்டுல எல்லாரும் கூகுள் அக்கவுண்ட்லயே இருக்கீங்க, அதனால எனக்கு இது வேண்டாம்னு தான் தோணுது.

உங்க லெட்டர் முழுக்க ஒரே டேப்லட்னு எழுதியிருக்கீங்க, ஆனா எனக்கு பிளாட்ஃபார்மை விட அது தான் உறுத்துது. ஆண்ட்ராய்டுல ஒவ்வொருத்தருக்கும் தனி யூசர் வைக்கலாம், பெரியவர் ஐகானை தொட்டா அவரோட ஆப் மட்டும் வரும், பொண்ணோட ஃபைல் அவர் கண்ணுல படாது. ஐபேட்ல வீட்டு உபயோகத்துக்கு இந்த வசதி இல்ல, ஸ்கூல், கம்பெனி மாதிரி மொத்தமா நிர்வாகம் பண்ற இடத்துல மட்டும் தான் ஷேர் பண்ணலாம். அப்போ எல்லாரோட போட்டோ, மெயில், நோட்டிஃபிகேஷன் எல்லாம் ஒண்ணா கலந்து கிடக்கும், நாளைக்கு சப்மிட் பண்ண வேண்டிய வரைபடத்தை யாரோ தெரியாம அழிச்சுட்டா அந்த பிள்ளை என்ன பண்ணும்? அதோட அவ டேப்லட்டை தூக்கிட்டு காலேஜ் போயிட்டா பெரியவருக்கு பகல் முழுக்க எதுவும் கிடையாது.

அதனால நான் சொல்றது, வச்சிருக்குற பட்ஜெட்டை ரெண்டா பிரிங்க. பெரிய பங்கு பொண்ணுக்கு. ப்ரோக்ரியேட் தான் வேணும்னா ஏ16 ஐபேடும் முதல் தலைமுறை பென்சிலும், 128 ஜிபியே போதும், முடிச்ச வேலையை அப்பப்போ வெளிய எடுத்து வைக்கட்டும். அதுல 6 ஜிபி ரேம் தான், பெரிய கேன்வாஸ் எடுத்தா லேயர், அதாவது ஒண்ணு மேல ஒண்ணா வச்சு வரையுற அடுக்கு, அதோட எண்ணிக்கை சீக்கிரம் முடிஞ்சுடும், முதல் ரெண்டு வருஷத்துக்கு அது ஒரு தடையா இருக்காது. எந்த ஆப்னாலும் சரின்னு சொன்னான்னா பேனாவோட வர்ற சாம்சங் டேப் எஸ் வரிசையில உங்க கைக்கு எட்டுறதை எடுங்க, எஃப்இன்னு முடியுற மாடல் இருந்தா அதை முதல்ல பாருங்க, சாம்சங் நோட்ஸ்லயே பிடிஎஃப் மேல எழுதிக்கலாம், தனியா நோட்ஸ் ஆப் வாங்க வேண்டாம், உங்க போன்ல காசு குடுத்து வாங்கின ஆப் அதே அக்கவுண்ட்ல அங்கயும் வந்துடும். ஐபேடுக்கு போனா அதெல்லாம் வராது, மறுபடி வாங்கணும். சந்தா வகை மட்டும் பெரும்பாலும் ரெண்டு பக்கமும் ஓடும்.

சின்ன பங்குல பெரியவருக்கு தெரிஞ்ச கம்பெனியோட சாதா ஆண்ட்ராய்டு டேப்லட், எல்1 இருக்கணும், 10 அல்லது 11 இன்ச், ரேம் மட்டும் குறைக்காதீங்க. சிம் போடுற மாடல் தேவையில்ல, வைஃபை போதும். வாட்ஸ்அப்பை அவரோட போன்ல இருந்து லிங்க் பண்ணி விடுங்க, நம்பர் அதே தான் இருக்கும்.

ரெண்டு வாங்க இப்போ கை குடுக்கலேன்னா பொண்ணுக்கு உண்டானதை மட்டும் முதல்ல வாங்குங்க, பெரியவருக்கு கொஞ்ச நாள் கழிச்சு பாத்துக்கலாம். ஒரே டேப்லட்ல தான் மூணு பேரும் ஓட்டியாகணும்னா ஐபேட் வேண்டாம், யூசர் பிரிக்குற வசதிக்காகவே சாம்சங் எடுங்க.

வாங்கப் போகும்போது பொண்ணைக் கூட்டிட்டு போங்க. டெமோ பீஸ்ல மெல்லிசா ஒரு கோடு, அழுத்தி ஒரு கோடு, உள்ளங்கையை ஸ்க்ரீன்ல வச்சுக்கிட்டே சரசரன்னு நாலு வரி எழுதிப் பாக்கட்டும். கோடு தடிமன் மாறலேன்னாலோ, கைக்குப் பின்னாடி இங்க் தாமதமா வந்தாலோ, அந்த பேனாவோட பில் போடாதீங்க.